பொருந்தாத ரெசின் காக்பிட்: 1/48 மிக்-21 ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வரும் யாருடைய பெயரும் வேண்டாம். மிக்-21 போர் விமானத்தின் இந்தச் சின்னப் பிளாஸ்டிக் மாடலைக் கட்டியவர் கோவையில் வங்கி வேலையில் இருக்கும் என் நண்பர். அவருடைய பெரியப்பா விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக (விமான உடலைப் பராமரிப்பவராக) இருந்து ஓய்வு பெற்றவர், பணிக்காலத்தின் பெரும்பகுதி மிக்-21இன் ஒரு ரகமான டைப் 96 விமானங்களோடு போனது. மூன்றாமவர் லேத் பட்டறை நடத்தியவர், பல வருடமாக ஸ்கேல் மாடல் கட்டுகிறவர். நண்பர் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விமானப்படை விடை கொடுத்தது. 1963இல் அந்த விமானத்தின் முதல் ஸ்குவாட்ரன் உருவானதும் அதே சண்டிகரில்தான். டிவியில் அதைப் பார்த்த பெரியப்பா அன்று முழுக்க வேறு எதையும் பேசவில்லையாம். அவருக்கு ஒரு டைப் 96 கட்டிக் கொடுப்பது என்று நண்பர் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அலமாரியில் 1/48 அளவில் (நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) ஒரு பழைய கிட், அதாவது ஒட்டிக் கட்டும் பாகங்களின் பெட்டி, இருந்தது. வெளி வடிவம் நன்றாக இருக்கும், விலையும் கட்டுப்படியானது, ஆனால் காக்பிட் சுமார்தான்: மீட்டர்களுக்கு ஒரே ஒரு டெகால் (ஒட்டுப்படம்), பக்கச் சுவர்களில் ஒன்றுமே இல்லை, இருக்கை என்ற பெயரில் நான்கு துண்டு. கேனபியை (காக்பிட்டின் கண்ணாடி மூடியை) மூடி வைக்கிற மாடலுக்கு அது தாராளமாகப் போதும், தனியாக விற்கும் ரெசின் வார்ப்புப் பாகங்களுக்குச் செலவு செய்யவே தேவையில்லை. இந்த மாடலில் அப்படி முடியாது. ஏணி போட்டு ஏறி உள்ளே குனிந்து வேலை பார்த்த ஒரு மனிதருக்கு இது போகப்போகிறது, அவர் முதலில் பார்க்கிற இடம் காக்பிட்தான். கேனபி திறந்தே இருக்க வேண்டும், உள்ளே இருப்பது அவர் கண்ணுக்குத் தப்பாகத் தெரியக் கூடாது. ரெசின் செட் வாங்க இதுதான் காரணம், நியாயமான காரணமும்கூட.

பெட்டியைத் திறந்தபோது

செட் வெளிநாட்டிலிருந்து வந்தது. தபால் செலவும் சுங்கமும் சேர்த்தால் கிட்டின் விலையில் பாதிக்கு மேல். உள்ளே ஒரே வார்ப்பாக வந்த காக்பிட் தொட்டி, இரண்டு பக்கப் பலகைகள், மீட்டர் பலகை, அதற்கு மேல் வரும் முகடு, விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக், கேஎம்-1 இருக்கை (ஆபத்தில் விமானியை வெளியே வீசும் ரகம்), இருக்கைப் பட்டைகளுக்கு ஒரு சின்ன எட்ச் தகடு (மெல்லிய உலோகத் தகடு). வார்ப்பு அருமை. பக்கப் பலகையில் இருந்த சுவிட்சுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, பிளாஸ்டிக் அச்சில் இப்படி வராது. ரெசின் ஊற்றும் அச்சு ரப்பர் போல வளையும், அதனால் உள்வாங்கிய இடங்களில்கூட வார்ப்பை உரித்து எடுத்துவிடலாம். இரும்பு அச்சில் அது நடக்காது.

இருக்கை சரியானதா என்று அண்ணா முதலில் பார்த்தார். மிக்-21இல் இது அலட்சியம் செய்யக்கூடாத விஷயம். நம் விமானப்படை டைப் 77 என்று சொன்ன பழைய எஃப்எல் ரகத்தில் கேனபி முன்பக்கமாகத் திறக்கும், இருக்கை எஸ்கே ரகம், விமானி வெளியேறும்போது கேனபியே அவருக்குக் கவசமாகக் கூடப் போகும். டைப் 96இல் கேனபி வலப்பக்கமாகச் சாயும், இருக்கை கேஎம்-1. ஒன்றின் இருக்கையை இன்னொன்றில் வைத்துவிட்டால் விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். இங்கே சரியாகத்தான் இருந்தது.

சிக்கல் அட்டையின் கீழ் வரியில் இருந்தது. செட் வேறொரு நிறுவனத்தின் 1/48 மிக்-21 கிட்டுக்காகச் செய்யப்பட்டது. விமானமும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான் என்று நண்பர் நினைத்து வாங்கியிருந்தார். ரெசின் செய்கிறவர்கள் மூலப் பாகத்தை உருவாக்கும்போது நிஜ விமானத்தை மட்டும் பார்ப்பதில்லை, குறிப்பிட்ட ஒரு கிட்டின் உட்புறத்தையும் அளக்கிறார்கள். சுவர் எவ்வளவு தடிமன், முன் சக்கரக் குழி எங்கே முடிகிறது, மூட்டுக் கட்டைகள் எங்கே நிற்கின்றன என்பதெல்லாம் கிட்டுக்குக் கிட்டு மாறும். செட் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது வேறு வீட்டுக்கு அளவெடுத்துச் செய்த கதவு.

முதல் பொருத்தம்

எல்லாப் பாகங்களையும் பாத்திரம் கழுவும் லிக்விடும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார்கள். வார்ப்பு அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பசை மேலே ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிறகு டேப்போடு உரிந்து வரும். இடது பக்கப் பலகை கொஞ்சம் வில்லாக வளைந்திருந்தது. கையால் நிமிர்த்தினால் ஒடியும். சூடான தண்ணீரில் சிறிது நேரம் போட்டதும் அது இளகியது, கண்ணாடித் துண்டின் மேல் நேராக அழுத்திப் பிடித்துப் பச்சைத் தண்ணீரில் காட்டியதும் அப்படியே நின்றுகொண்டது.

ஊற்றுக் கட்டைகளை (ரெசின் ஊற்றிய இடத்தில் பாகத்தோடு மிஞ்சும் கட்டிகளை) ரேசர் ரம்பத்தால் அறுத்தார்கள். தேய்ப்பதெல்லாம் தண்ணீர் தொட்டு, உப்புத்தாளில், என்95 மாஸ்க்கோடு. இதில் அண்ணா யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டார். ரெசின் தூள் மிக நுண்ணியது, நுரையீரலுக்கு நல்லதில்லை, காய்ந்த நிலையில் மினி டிரில் வைத்துத் தேய்த்தால் அறை முழுக்கப் பறக்கும்.

அப்புறம் தொட்டியையும் பக்கப் பலகைகளையும் உடற்பகுதியின் இரண்டு பாதிகளுக்கு நடுவில் வைத்து மாஸ்கிங் டேப்பால் கட்டினார்கள். பசை ஒரு சொட்டுகூட இல்லை. காக்பிட்டுக்குப் பின்னால் முதுகில் 2 மி.மீ. வாய் பிளந்து நின்றது. தொட்டியின் முன்பக்கம் முன் சக்கரக் குழியின் பின்விளிம்பில் முட்டியது. முகடு ஓரளவு உட்கார்ந்தது, ஆனால் அதன் மேல் முன் கண்ணாடியை வைத்தால் கண்ணாடி நிமிர்ந்து நின்றது. இருக்கையைத் தொட்டியில் வைத்தால் தலைப்பகுதி கேனபி விளிம்புக்கு மேலே அளவுக்கு அதிகமாக எட்டிப் பார்த்தது.

வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்ததில் காரணம் தெரிந்தது. கிட்டின் சுவர் காக்பிட் ஓரத்தில் 1.2 மி.மீ. தடிமன். 1/48இல் அது நிஜத்தில் கிட்டத்தட்ட 58 மி.மீ., அதாவது ஆறு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு விமானத் தோல். நிஜத் தகடு சில மில்லிமீட்டர்தான். ரெசின்காரர்கள் உள்ளே இருக்கும் அகலத்தை நிஜத்துக்கு நெருக்கமாகச் செய்கிறார்கள், அதற்கு மேல் வார்ப்புக்கு நிற்க ரெசினுக்கும் ஒரு தடிமன் வேண்டும், மிச்சத்தைப் பிளாஸ்டிக்தான் விட்டுக் கொடுக்க வேண்டும். செட் எந்தக் கிட்டுக்காகச் செய்யப்பட்டதோ அதிலேயே பல சமயம் தேய்க்க வேண்டியிருக்கும், இங்கே அதைவிடக் கூடுதல். மிக்-21இல் காற்று மூக்கு வழியாக உள்ளே வந்து காக்பிட்டின் இரண்டு பக்கமும் பிரிந்து எஞ்சினுக்குப் போகிறது. அந்த விமானத்தின் காக்பிட் பிறவியிலேயே குறுகலானது. மாடலிலும் ஒதுங்க இடமில்லை.

என்ன செய்வது என்ற முடிவு

மூன்று வழிகள் பேசப்பட்டன. ஒன்று, தொட்டியை ஒதுக்கிவிட்டு இருக்கை, மீட்டர் பலகை, ஸ்டிக் மட்டும் எடுத்துக் கிட்டின் தொட்டியில் வைப்பது. எளிதான வழி, மூடிய கேனபி என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் பக்கச் சுவர்கள் மொட்டையாக இருக்கும், திறந்த காக்பிட்டில் கண் முதலில் அங்கேதான் விழும். இரண்டு, தொட்டியை நீளவாக்கில் அறுத்து நடுவில் ஒரு கீற்று எடுத்துவிட்டு ஒட்டுவது. அகலம் குறையும், இருக்கைத் தண்டவாளமும் மீட்டர் பலகையும் கெடும்.

மூன்றாவது வழிதான் எடுத்தது: பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் பாதிப் பாதி தேய்த்து எடுப்பது. அதற்கு அண்ணா ஓர் எல்லை போட்டார், பிளாஸ்டிக் சுவர் எங்கேயும் 0.5 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. மீதியை ரெசினின் வெளிப்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் எடுக்க வேண்டும், யாருக்கும் தெரியாத பக்கம் அது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உடற்பகுதியின் வெளி வடிவம் இம்மியும் அகலக் கூடாது. கிளிப் போட்டு அழுத்தி ஒட்டினால் மூடிவிடும்தான், ஆனால் காக்பிட் விளிம்பு வெளியே உப்பும், அப்புறம் முன் கண்ணாடியின் இரு கால்களும் விளிம்புக்கு உள்ளே விழும். கண்ணாடி பிளாஸ்டிக்கை விரிக்க முடியாது, விரிசல் விடும். பலர் பல மணி நேரம் தேய்த்த பிறகு தோற்பது அந்த இடத்தில்தான். அதனால் ஒவ்வொரு முறை தேய்த்த பிறகும் பார்க்க வேண்டியது முதுகு இடைவெளி மட்டுமல்ல, முன் கண்ணாடி எப்படி உட்காருகிறது என்பதும்தான்.

தேய்த்த வேலை

எங்கே முட்டுகிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பட்டறையில் இரண்டு பரப்புகளைச் சேர்க்கும்போது புளூ என்ற நீல மையைத் தடவிப் பார்ப்பார்கள், மேடாக இருக்கும் இடம் மட்டும் மை வாங்கும். அதையே அண்ணா இங்கே செய்தார், புளூவுக்குப் பதில் குழந்தைகளின் ஸ்கெட்ச் பேனா. ரெசினின் வெளிப்பக்கத்தில் மையைத் தடவி, ஈரம் காய்வதற்குள் உள்ளே வைத்து அழுத்தி எடுத்தால், பிளாஸ்டிக்கில் எந்த இடத்தில் நிறம் ஒட்டியிருக்கிறதோ அந்த இடத்தை மட்டும் தேய்க்கலாம். கழுவினால் போய்விடும். "கண்ணு, மொத்தமாத் தேய்க்காதே, மை சொல்ற இடத்தை மட்டும் தேய்" என்றார். நண்பர் அதுவரை சுவர் முழுவதையும் ஒரே சீராக மெலிதாக்கிக்கொண்டிருந்தார். மை வைத்த பிறகு தெரிந்தது, முட்டியது மூன்றே இடங்கள், அதில் ஒன்று அச்சில் வந்த ஒரு சின்னக் குமிழ்.

தொட்டியின் அடியைக் கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் எட்டு போடுவது போலத் தேய்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தால் தரை லேசாக ஒளி விடுகிற வரைக்கும். இருக்கை இறங்கியது. முன்பக்கத்தில் சக்கரக் குழியின் விளிம்பைக் கொஞ்சம் வெட்டினார்கள். முகட்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்து இறக்கினார்கள்.

இடது சுவரில் ஒரு விபத்து. அளவில் 0.5 மி.மீ. சரியாகவே இருந்தது, ஆனால் வெளிப்பக்கத்தில் தகடு இணைப்புக் கோடு ஒன்று ஓடியது, அது உள்வாங்கிய கோடு, அதன் ஆழத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தக் கோடு மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது, ஒரு முனையில் முடி அளவுக்குத் திறந்தேவிட்டது. வழக்கமான பிளாஸ்டிக் சிமென்ட்டை அங்கே கொண்டு போகவே கூடாது, அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுகிற திரவம், இவ்வளவு மெல்லிய சுவர் இளகிச் சுருங்கிவிடும். உள்பக்கத்தில் சூப்பர் குளூவோடு முகப் பவுடரைக் கலந்து ஒரு மெல்லிய பூச்சு வைத்தார்கள். அது கல்லாக இறுகுவதற்கு முன்பே, சூடு ஆறிய கொஞ்ச நேரத்தில் தேய்த்துவிட வேண்டும், மறுநாள் என்றால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்தான் தேயும். வெளியே கோட்டைப் புதிதாகக் கீறினார்கள்.

நிறமும் மீட்டர் பலகையும்

ரஷ்யப் போர் விமானக் காக்பிட்டுக்கு ஒரு நீலப்பச்சை உண்டு. அந்த நிறம்தான் மிக்-21இன் அடையாளம். சரியான ஷேட் உள்ளூர்க் கடையில் கிடைக்கவில்லை, நீலம், பச்சை, வெள்ளை மூன்றையும் கலந்தார்கள். புகைப்படங்களில் ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு விதமாகத் தெரிகிறது, வெயிலில் வெளுத்தது, மறுபடி அடித்தது என்று. ஓரளவு வெளுத்த ஷேட்டையே நண்பர் எடுத்தார். இத்தனை சின்ன மாடலில் அடர்த்தியான நிறம் கனமாகத் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மீட்டர் பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு வரும். விமானம் சுழன்று விழும்போது விமானி ஸ்டிக்கை அந்தக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தால் அது நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். அலங்காரம் இல்லை, உயிர் காக்கிற கோடு, அதனால் வளைந்துவிடக் கூடாது. தூரிகையால் போடாமல் வெள்ளை டெகாலிலிருந்து முடி போன்ற ஒரு கீற்றை வெட்டி ஒட்டினார்கள். மீட்டர்களின் முகத்தில் ஆளுக்கொரு புள்ளி பளபளப்பு வார்னிஷ், கண்ணாடி மாதிரி நின்றது.

மூடியது

ரெசினைப் பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்காது, சூப்பர் குளூ அல்லது எபாக்ஸிதான். தொட்டிக்கு இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸி வைத்தார்கள். மழைக்காலம், காற்றில் ஈரம் அதிகம், சூப்பர் குளூ ஈரத்தில்தான் இறுகுகிறது, வைத்த கையை எடுப்பதற்குள் பிடித்துவிடும், நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. எபாக்ஸி சில நிமிடம் அவகாசம் தரும். அதற்குள் முன் கண்ணாடியை வைத்துப் பார்த்து, தொட்டியை அரை மில்லிமீட்டர் பின்னால் தள்ளினார்கள். அந்த அவகாசம் இல்லையென்றால் அன்றைக்கே எல்லாம் வீணாகியிருக்கும்.

மூடுவதற்கு முன் இறக்கைகளை டேப் போட்டு ஒட்டி, பின் சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பார்த்தார்கள். வால் சாய்ந்தது. மூக்குக் கூம்புக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளைப் போட்டு எபாக்ஸியால் இறுக்கினார்கள். கனமான தொட்டி முன்னால் இருக்கிறதே, எடை தேவைப்படாது என்று எண்ணக் கூடாது, இதில் தேவைப்பட்டது.

முன் கண்ணாடிக்கும் கேனபிக்கும் வெள்ளை ஃபெவிகால். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடிப் பாகத்தில் வெண்மையாகப் படியும், துடைத்தாலும் போகாது.

பலன்

முதுகு மூட்டு மூடியது, கொஞ்சம் புட்டி தேவைப்பட்டது. முன் கண்ணாடி இடப்பக்கம் சுத்தமாக உட்கார்ந்தது, வலப்பக்கம் ஒரு தாள் நுழையும் இடைவெளி, அதை ஃபெவிகாலே நிரப்பியது. இடது சுவரில் திறந்த அந்தக் கோடு எங்கே என்று தெரிந்தவர் தேடினால் கிடைக்கும், மற்றவர்களுக்குத் தெரியாது.

பெரியப்பா மாடலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். இருக்கையைப் பார்த்துவிட்டு, "சரி, பின் எங்கடா? பின் போடாம எவன் கேனபியைத் திறந்து வெச்சுட்டுப் போவான்? உயிரோட விளையாடுற வேலையா இது?" என்றார்.

அவர் சொன்னது முழுக்க நியாயம். தரையில் நிற்கும் விமானத்தில் இருக்கையின் வெடிமருந்து தவறுதலாக வேலை செய்யாமல் இருக்கப் பாதுகாப்பு பின்கள் சொருகி, சிவப்புப் பட்டை தொங்கவிடுவார்கள். செட்டில் அது இல்லை. நாங்கள் பார்த்த படங்கள் பெரும்பாலும் அருங்காட்சியக விமானங்கள், அவற்றிலும் இல்லை. பெரியப்பா ஒரு தாளில் பின்கள் வரும் இடங்களை வரைந்து கொடுத்தார். மெல்லிய செப்புக் கம்பியும் சிவப்பு அடித்த ஈயத்தாளும் கொண்டு நண்பர் அதைச் செய்து சேர்த்தார். இப்போது அந்தக் காக்பிட்டில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான்.

மறுபடி செய்தால் மாற்றுவது

செட் வாங்கும் முன் அது எந்தக் கிட்டுக்கானது என்ற வரியைப் படிப்பது நிச்சயம். வேறு கிட்டுக்கானதாக இருந்தாலும் வாங்கலாம், ஆனால் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று தெரிந்து வாங்க வேண்டும். கிட்டையே மாற்றுவதும் ஒரு வழி. 2011இல் எடுவார்ட் வெளியிட்ட 1/48 மிக்-21எம்எஃப் மாதிரியான புதிய அச்சுகளில் பிளாஸ்டிக் காக்பிட்டே இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதும், இருக்கையை மட்டும் ரெசினில் மாற்றினால் சரி.

ஸ்கெட்ச் பேனா முதல் நாளே வரும். சுவரை முழுக்க மெலிதாக்கியது தேவையில்லாத வேலை, இடது பக்க விபத்தும் அதனால்தான். மெலிதாக்கும் இடத்துக்கு நேர் வெளியே ஓடும் கோடுகளை முதலில் பென்சிலால் உள்பக்கம் குறித்துக்கொள்ள வேண்டும், அங்கே எல்லை 0.5 இல்லை, 0.7 மி.மீ. முன் கண்ணாடியைத்தான் முதல் பொருத்தத்திலேயே முதலில் வைத்துப் பார்க்க வேண்டும், முதுகு இடைவெளியை அப்புறம் பார்க்கலாம், புட்டி இருக்கிறது, கண்ணாடிக்குப் புட்டி இல்லை.

பெரியப்பாவைக் கடைசியில் கூப்பிட்டதும் மாறும். பரிசு என்பதால் அவரிடம் சொல்லாமல் கட்டினார்கள், அது புரிகிறது. ஆனால் அந்த விமானத்தில் கை வைத்தவர் பக்கத்து அறையில் இருக்கும்போது புகைப்படத்தை நம்பிக் கட்ட வேண்டியதில்லை. நண்பர் அடுத்து டைப் 77 கட்டுகிறார், முன்பக்கம் திறக்கும் கேனபியோடு. இந்தத் தடவை வரைபடத் தாள் வேலை தொடங்கும் முன்பே பெரியப்பாவிடம் போயிருக்கிறது.